எலும்பைக் காட்டிய ஒளியை விற்க மறுத்தவர்

எங்கள் பக்கத்தில் எக்ஸ்ரே படம் இல்லாத வீடு குறைவு. குடும்ப அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி ஆகியவற்றை வைத்திருக்கும் அதே பையில் ஒரு பெரிய உறையும் இருக்கும். அதற்குள் யாரோ ஒருவரின் முழங்கால், தோள்மூட்டு, நெஞ்சு அல்லது மண்டையோடு. சாம்பல் நிற எலும்புகளுக்கு நடுவே, எலும்பை விட வெளிச்சமாக ஒரு சிறு புள்ளி. அது செல் துண்டு. எடுக்கலாமா, விட்டுவிடலாமா என்று வைத்தியர்கள் பார்த்து, பெரும்பாலும் விட்டுவிட்ட துண்டு. இடம்பெயர்ந்து போன ஒவ்வொரு இடத்துக்கும் அந்த உறை கூடவே போயிருக்கும்.

அந்தப் படத்தை முதன்முதலில் எடுத்த மனிதரின் பெயர் வில்ஹெல்ம் கொன்ராட் ரொன்ட்கன். பாடசாலைப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்திருப்போம். அதற்கு மேல் அவரைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. அப்படியே இருக்க வேண்டுமென்றுதான் அவரும் விரும்பினார். தனது கடிதங்களையும் ஆய்வு தொடர்பான கடிதப் போக்குவரத்தையும் தன் மரணத்துக்குப் பின் அழித்துவிட வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போனவர் அவர். ஆகவே, அவர் என்ன சொன்னார் என்பதை விட, என்ன செய்தார், எதைச் செய்ய மறுத்தார் என்பதை வைத்துத்தான் அவருடைய வாழ்க்கையைச் சொல்ல முடியும்.

இப்போது ஏன் அவரைப் பற்றி எழுதுகிறேன் என்றால், எக்ஸ்ரே படங்களைக் கணினி வாசிக்கத் தொடங்கிவிட்டது. செயற்கை நுண்ணறிவு மார்பகப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கிறது என்ற செய்தி அடிக்கடி வருகிறது. அந்தச் செய்தியைத் தமிழில் எழுதித் தரும்படி என்னிடமும் சில தடவைகள் கேட்டிருக்கிறார்கள். எழுதும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி நின்றது. இந்த இயந்திரத்தின் முன்னால் நிற்கும் வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்? அதற்கான பதிலின் ஒரு பகுதி ரொன்ட்கனின் வாழ்க்கையில் இருக்கிறது.

சான்றிதழ் இல்லாத மாணவன்

ரொன்ட்கன் 1845 மார்ச் 27ஆம் திகதி, இன்றைய ஜேர்மனியில் உள்ள லென்னெப் என்ற சிறு நகரத்தில் பிறந்தார். தந்தை துணி வியாபாரி. தாயின் குடும்பத்துக்கு நெதர்லாந்துடன் உறவு இருந்தது. வில்ஹெல்ம் அவர்களுக்கு ஒரே பிள்ளை. அவருக்கு மூன்று வயதாக இருந்தபோது குடும்பம் நெதர்லாந்தின் அப்பல்டோர்ன் நகருக்கு இடம்மாறியது. அங்கேதான் வளர்ந்தார்.

உட்ரெக்ட் நகரின் தொழில்நுட்பப் பாடசாலையில் படித்த காலத்தில், யாரோ ஒரு மாணவன் ஆசிரியர் ஒருவரைக் கேலிச்சித்திரமாக வரைந்துவிட்டான். வரைந்தது ரொன்ட்கன் அல்ல. ஆனால், வரைந்தவன் யார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பெயரைச் சொல்லும்படி கேட்டார்கள், அவர் சொல்லவில்லை. பாடசாலையை விட்டு விலக்கினார்கள். காட்டிக்கொடுக்காமல் இருந்ததற்கு அவர் கொடுத்த விலை பெரியது. பாடசாலைச் சான்றிதழ் இல்லாததால் பல்கலைக்கழகத்தில் முறையான மாணவராகச் சேர முடியவில்லை.

ஒரு காகிதம் இல்லாததால் வாழ்க்கை நின்றுபோவது என்றால் என்ன என்று எங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2009க்குப் பிறகு, சாதாரண தரப் பெறுபேற்றுத் தாளை எங்கோ ஒரு பதுங்கு குழியில் விட்டுவிட்டு வந்த பிள்ளைகள் எத்தனை பேர், அதன் பிரதியை எடுக்க எத்தனை அலுவலகப் படிகள் ஏறினார்கள் என்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

ரொன்ட்கனுக்கு ஒரு பக்கக் கதவு திறந்தது. சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் இருந்த பொறியியல் உயர்கல்வி நிறுவனம், சான்றிதழ் இல்லாதவர்களையும் நுழைவுத் தகுதி பார்த்துச் சேர்த்துக்கொண்டது. 1865இல் அங்கே சேர்ந்தார். இயந்திரப் பொறியியல் படித்து முடித்தார். 1869இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அங்கேதான் இயற்பியலாளர் ஒகஸ்ட் குண்ட் அவருக்கு ஆசானாக வாய்த்தார். குண்ட் போகும் இடமெல்லாம் உதவியாளராகச் சென்றார். அவர்கள் வூர்ட்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது, பழைய பாடசாலைச் சான்றிதழ் இல்லாத குறை மறுபடியும் குறுக்கே நின்றது. விரிவுரையாளராகும் தகுதியை அந்தப் பல்கலைக்கழகம் அவருக்குக் கொடுக்கவில்லை. அதை 1874இல் ஸ்ட்ராஸ்பேர்க் கொடுத்தது. பிறகு கீசன் நகரில் பேராசிரியர். 1888இல், முன்னர் தன்னை ஏற்க மறுத்த அதே வூர்ட்ஸ்பேர்க் அவரைப் பேராசிரியராக அழைத்தது. 1894இல் அதன் தலைவராகவும் தெரிவானார்.

சூரிச்சில் படித்த காலத்தில் உணவு விடுதி உரிமையாளர் ஒருவரின் மகள் அன்னா பேர்த்தாவைச் சந்தித்தார். அவர் ரொன்ட்கனை விட ஆறு வயது மூத்தவர். 1872இல் திருமணம் நடந்தது. பிள்ளைகள் இல்லை. பேர்த்தாவின் சகோதரனின் மகளைச் சிறு வயதிலேயே அழைத்து வந்து வளர்த்து, பின்னர் சட்டப்படி மகளாக்கிக்கொண்டார்கள்.

ஏழு வாரங்கள்

1895 நவம்பர் 8, வெள்ளிக்கிழமை மாலை. ரொன்ட்கனுக்கு ஐம்பது வயது. காற்று பெருமளவு அகற்றப்பட்ட கண்ணாடிக் குழாய் ஒன்றினுள் உயர் மின்னழுத்தத்தைச் செலுத்தி ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்தக் காலத்தில் பல ஆய்வுகூடங்களில் நடந்த வேலைதான் அது. குழாயைக் கறுத்த மட்டையால் முழுவதுமாக மூடியிருந்தார். அறை இருட்டு. ஆனால், சற்றுத் தள்ளியிருந்த ஒரு திரை ஒளிர்ந்தது. பேரியம் கலந்த இரசாயனம் பூசிய திரை அது. மட்டைக்குள்ளிருந்து வெளிச்சம் வர வழியில்லை. அப்படியானால், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று மட்டையைத் தாண்டி வந்து திரையைத் தொட்டிருக்க வேண்டும்.

மற்றவர்களின் ஆய்வுகூடங்களிலும் இதே கதிர்கள் அதற்கு முன்பே உண்டாகியிருக்கும். நின்று பார்த்தவர் இவர்தான். அடுத்த ஏழு வாரங்களும் கிட்டத்தட்ட ஆய்வுகூடத்திலேயே கழிந்தன. அங்கேயே சாப்பாடு, அங்கேயே நித்திரை. கடதாசி, மரம், புத்தகம், உலோகத் தகடு என்று ஒவ்வொன்றாகக் குறுக்கே வைத்துப் பார்த்தார். ஈயம் மட்டும் அந்தக் கதிரை நன்றாகத் தடுத்தது. ஈயத் துண்டு ஒன்றைக் கையில் பிடித்துப் பார்த்தபோது, திரையில் தன் விரல் எலும்புகளின் நிழலைக் கண்டார். தசை மங்கலாகவும் எலும்பு கறுப்பாகவும் விழுந்த நிழல். இன்னதென்று தெரியாத கதிர் என்பதால் கணக்கில் தெரியாத எண்ணைக் குறிக்கும் எக்ஸ் என்ற எழுத்தை அதற்குப் பெயராக வைத்தார்.

டிசம்பர் 22ஆம் திகதி பேர்த்தாவை ஆய்வுகூடத்துக்கு அழைத்து, அவருடைய கையை ஒளிப்படத் தட்டின் மேல் வைக்கச் சொன்னார். பதினைந்து நிமிடமளவு அசையாமல் வைத்திருக்க வேண்டியிருந்தது. படத்தில் விரல் எலும்புகளும், ஒரு விரலில் மோதிரமும் தெரிந்தன. தன் எலும்புக்கூட்டைத் தானே பார்த்த பேர்த்தா பயந்துபோனார் என்று சொல்லப்படுகிறது. டிசம்பர் 28ஆம் திகதி சிறியதோர் ஆய்வறிக்கையை வூர்ட்ஸ்பேர்க்கில் ஒப்படைத்தார். புத்தாண்டு தினத்தில் அதன் பிரதிகளையும் சில படங்களையும் நண்பர்களான விஞ்ஞானிகளுக்குத் தபாலில் அனுப்பினார்.

ஊடகக் கற்கை படித்தவள் என்ற வகையில் இதற்குப் பிறகு நடந்தது எனக்குச் சுவாரசியமானது. ஜனவரி 5ஆம் திகதி வியன்னாப் பத்திரிகை ஒன்று செய்தியை முதற்பக்கத்தில் போட்டது. அவசரத்தில் அவருடைய பெயரையே பிழையாக அச்சிட்டது. சில நாள்களில் செய்தி உலகம் முழுவதும் போய்விட்டது. பெப்ரவரி தொடக்கத்திலேயே அமெரிக்காவின் டார்ட்மவுத்தில் ஒரு சிறுவனின் முறிந்த மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். உடுப்பைத் தாண்டி உடலைப் பார்க்கும் கருவி வந்துவிட்டது என்று பயந்தவர்களுக்காக, எக்ஸ்ரே புகாத உள்ளாடை என்று விளம்பரம் செய்தவர்களும் இருந்தார்கள். புதிய தொழில்நுட்பம் வரும்போது நம்பிக்கை, பயம், வியாபாரம் மூன்றும் ஒன்றாகவே வந்து சேர்வது அன்றைக்கும் இருந்தது.

காப்புரிமை வேண்டாம்

அந்த நேரத்தில் ரொன்ட்கன் எடுத்த ஒரு முடிவு அவருடைய கண்டுபிடிப்பு அளவுக்கே முக்கியமானது. கதிருக்கோ கருவிக்கோ அவர் காப்புரிமை எடுக்கவில்லை. பெரிய மின் நிறுவனம் ஒன்று அவரை அணுகியது. கண்டுபிடிப்பு மனித குலத்துக்கு உரியது, அதை ஒரு நிறுவனத்தின் உரிமத்துக்குள் அடைக்க முடியாது என்ற நிலைப்பாட்டை அவர் மாற்றவில்லை. அதனால், குழாயும் மின்சுருளும் வைத்திருந்த எவரும் எக்ஸ்ரே எடுக்க முடிந்தது. ஒரே ஆண்டுக்குள் அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வைத்தியசாலைகளுக்குள் நுழைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

1901இல் இயற்பியலுக்கான முதலாவது நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஸ்டொக்ஹோமுக்குப் போய்ப் பரிசை வாங்கினார். வழக்கமான நோபல் உரையை ஆற்றவில்லை. பரிசுப் பணத்தை வூர்ட்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்துக்கு விட்டுக்கொடுத்தார். பவேரிய அரசு விருது கொடுத்தபோது விருதை ஏற்றுக்கொண்டு, அதோடு வரும் பிரபுப் பட்டத்தைத் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ள மறுத்தார். எக்ஸ் கதிர் பற்றி அவர் எழுதியவை மூன்றே மூன்று ஆய்வறிக்கைகள். பிறகு தன் பழைய வேலைக்கே திரும்பிவிட்டார்.

போர்க்களத்தில் எக்ஸ்ரே

கண்டுபிடித்து ஓராண்டு ஆகும் முன்பே எக்ஸ்ரே போருக்குப் பயன்பட்டது. 1896இல் அபிசீனியப் போரில் காயப்பட்டுத் திரும்பிய இத்தாலியச் சிப்பாய்களின் உடலில் சன்னம் எங்கே இருக்கிறது என்று நேபிள்ஸ் நகரின் இராணுவ வைத்தியர்கள் படம் எடுத்துப் பார்த்தார்கள். முதலாம் உலகப் போரில் மேரி கியூரி எக்ஸ்ரே கருவி பொருத்திய வாகனங்களைப் பிரெஞ்சுப் போர்முனைக்குக் கொண்டுபோனார். தன் பதின்ம வயது மகள் ஐரீனையும் கூட அழைத்துச் சென்றார். எங்கே குண்டு இருக்கிறது என்று தெரியாமல் காயத்தைக் கிண்டித் தேடும் வேதனையிலிருந்து பல்லாயிரம் பேர் தப்பினார்கள்.

அதே போரின் தொடக்கத்தில் ரொன்ட்கன் ஒரு தவறு செய்தார். 1914 ஒக்டோபரில் ஜேர்மன் அறிவுஜீவிகள் 93 பேர் கையெழுத்திட்டு ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பெல்ஜியத்தில் ஜேர்மன் படைகள் பொதுமக்களுக்குச் செய்த கொடுமைகள் எல்லாம் பொய் என்று அந்த அறிக்கை சொன்னது. லூவேன் நகரம் எரிக்கப்பட்டு, அதன் பல்கலைக்கழக நூலகம் சாம்பலாகியிருந்த நேரம் அது. அந்த 93 பெயர்களில் ரொன்ட்கனின் பெயரும் இருந்தது. பின்னாளில் அவர் அதற்காக வருந்தினார் என்று அவரது வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

இதை நான் விட்டுவிட்டு எழுதியிருக்கலாம். ஆனால், நூலகம் எரிந்த ஊரைச் சேர்ந்த வாசகர்களுக்கு எழுதும்போது விட முடியாது. ஒரு கேலிச்சித்திரத்துக்காகத் தோழனைக் காட்டிக்கொடுக்காத மனிதர், தன் நாட்டின் படை செய்ததைப் பார்க்க மறுத்தார். உடலுக்குள்ளே பார்க்கும் வழியைக் கண்டவருக்கும் தன் கண்ணெதிரே நடந்தது தெரியாமல் போகலாம். அவருடைய நன்மையை ஒப்புக்கொள்ளும்போது இதையும் சேர்த்தே ஒப்புக்கொள்ள வேண்டும்.

காட்டும் கதிரும் சுடும் கதிரும்

எக்ஸ் கதிர் உடலுக்குத் தீங்கு செய்யும் என்பது முதலில் யாருக்கும் தெரியாது. எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி தன் கைகளையே திரும்பத் திரும்பக் கதிரின் முன் வைத்துச் சோதித்தார். கைகளில் புண் வந்தது, பின்னர் புற்றுநோய். இரண்டு கைகளும் வெட்டப்பட்டன. 1904இல் இறந்தார். எடிசன் அந்த ஆராய்ச்சியையே கைவிட்டார். கதிரால் உயிரிழந்த வைத்தியர்கள், தாதியர், தொழில்நுட்பவியலாளர்களுக்காக 1936இல் ஹம்பேர்க் நகரின் ஒரு வைத்தியசாலை வளவில் நினைவுக்கல் எழுப்பப்பட்டது. 1959 அளவில் 350க்கு மேற்பட்ட பெயர்கள் அந்த நினைவுப் பட்டியலில் இருந்தன.

புற்றுநோயைக் கொடுத்த அதே கதிர்தான் புற்றுநோயைக் காட்டவும் பயன்பட்டது. 1913இல் பெர்லினில் அல்பேர்ட் சாலமோன் என்ற அறுவைச்சிகிச்சை நிபுணர், நோயால் வெட்டி அகற்றப்பட்ட சுமார் 3000 மார்பகங்களை எக்ஸ்ரே எடுத்து ஆராய்ந்தார். கையால் தடவித் தெரியாத மாற்றங்களும் படத்தில் தெரிவதைக் கண்டார். உப்புத்தூள் போன்ற மிக நுண்ணிய சுண்ணாம்புப் புள்ளிகளை அவர் பதிவுசெய்தார். இன்றைக்கு மம்மோகிராமில் வைத்தியர்கள் தேடும் முக்கிய அடையாளங்களில் அவையும் ஒன்று.

சாலமோன் ஒரு யூதர். நாசிகள் ஆட்சிக்கு வந்ததும் அவர் பதவி இழந்தார். 1938 நவம்பர் வன்முறைக்குப் பின் சாக்சன்ஹவுசன் வதைமுகாமில் அடைக்கப்பட்டார். வெளியே வந்து நெதர்லாந்துக்குத் தப்பிப்போனார். அங்கேயும் பிடிபட்டு, தப்பி, ஒளிந்திருந்து உயிர் பிழைத்தார். அவருடைய மகள் சார்லொட் ஓர் ஓவியர். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று தென் பிரான்சுக்கு அனுப்பப்பட்ட அவர், 1943இல் 26 வயதில், கர்ப்பிணியாக, அவுஷ்விட்சில் கொல்லப்பட்டார். மார்பகப் புற்றுநோயை முன்கூட்டியே காணும் வழியைத் தொடக்கி வைத்த மனிதரின் வேலை அப்படியே பாதியில் நின்றது. நலமாக இருக்கும் பெண்களுக்கு மம்மோகிராம் எடுத்துப் பார்க்கும் முதலாவது பெரிய ஆய்வு நியூயோர்க்கில் தொடங்கியது 1963இல். சாலமோனின் ஆய்வுக்கும் அதற்கும் இடையில் 50 ஆண்டுகள். அந்த இடைவெளிக்குள் இரண்டு உலகப் போர்கள் இருக்கின்றன.

கடைசிக் காலம்

ரொன்ட்கன் 1900இல் முனிச் பல்கலைக்கழகத்துக்கு மாறியிருந்தார். போர் முடிந்தபோது ஜேர்மனியில் பஞ்சம். நீண்ட காலம் நோயோடு இருந்த பேர்த்தாவை அவரே பராமரித்தார். 1919 ஒக்டோபர் கடைசியில் பேர்த்தா இறந்தார். அடுத்த ஆண்டு ரொன்ட்கன் ஓய்வு பெற்றார். பணவீக்கம் அவருடைய சேமிப்பையும் கரைத்தது. உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்த மனிதர் சிக்கனமாக வாழ்ந்து முடித்தார்.

1923 பெப்ரவரி 10ஆம் திகதி, 77 வயதில், முனிச்சில் அவர் இறந்தார். காரணம் குடற்புற்றுநோய். அவருடைய கதிர் வேலைக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருந்ததாகக் கருதப்படுவதில்லை. கதிர்களோடு அவர் வேலை செய்த காலம் குறுகியது. அதுவும் பெரும்பாலும் உலோகப் பெட்டிக்குள் நின்று செய்த வேலை. குடற்புற்றுநோயை அறிகுறி தெரியும் முன்பே கண்டுபிடிக்க அந்த நாள்களில் ஒழுங்கான பரிசோதனை எதுவும் இருக்கவில்லை. கீசனில், பெற்றோருக்கும் மனைவிக்கும் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். கடிதங்கள் அவர் கேட்டபடியே அழிக்கப்பட்டன.

1945 மார்ச் 16ஆம் திகதி இரவு பிரித்தானிய விமானங்கள் வூர்ட்ஸ்பேர்க் மீது குண்டு வீசின. இருபது நிமிடமளவில் நகரத்தின் பெரும்பகுதி அழிந்தது. ரொன்ட்கனின் நூறாவது பிறந்தநாளுக்குப் பதினொரு நாள்கள் இருந்தன. போருக்குப் பிறகு நகரத்தை மீண்டும் கட்டினார்கள். அவர் ஆய்வு செய்த அறை இன்று நினைவிடமாக இருக்கிறது.

கணினி வாசிக்கும் படம்

எக்ஸ்ரே படத்தைக் கணினி வாசிப்பது புதிய ஆசை அல்ல. மம்மோகிராமில் சந்தேகமான இடத்தைக் குறித்துக் காட்டும் கணினிக் கருவிக்கு அமெரிக்கா 1998இல் அனுமதி கொடுத்தது. அதற்காகக் கூடுதல் கட்டணமும் அறவிடப்பட்டது. ஆயிரக்கணக்கான நிலையங்களில் பாவனைக்கு வந்தது. 2015இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று, அந்தக் கருவியால் நோயைக் கண்டறியும் திறன் கூடவில்லை என்று காட்டியது. விளம்பரத்தை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இன்றைய செயற்கை நுண்ணறிவு வேறு விதமானது. பழைய கருவிக்கு எதைத் தேட வேண்டும் என்று மனிதர் எழுதிக் கொடுத்தார்கள். புதியதற்கு, நோய் இருந்த படங்களையும் இல்லாத படங்களையும் பெருந்தொகையாகக் காட்டுகிறார்கள். வித்தியாசத்தை அது தானே கற்றுக்கொள்கிறது. சுவீடனில் 2021இல் தொடங்கிய ஆய்வில் 80,000 பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பாதியினரின் படங்களை வழமைபோல இரண்டு வைத்தியர்கள் வாசித்தார்கள். மறுபாதியினரின் படங்களுக்குக் கணினி முதலில் 1 முதல் 10 வரை ஆபத்துப் புள்ளி கொடுத்தது. குறைந்த புள்ளி என்றால் ஒரு வைத்தியர், உச்சப் புள்ளி என்றால் இருவர் வாசித்தார்கள். 2023இல் வெளியான இடைக்கால முடிவின்படி, வழமையான முறையில் 203 பெண்களுக்கும், கணினி உதவியோடு 244 பெண்களுக்கும் புற்றுநோய் கண்டறியப்பட்டது. வைத்தியர்கள் படம் வாசிக்கும் வேலை 44 வீதம் குறைந்தது.

வைத்தியர் இல்லாத இடத்துக்கும் இது போகலாம். 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் நெஞ்சு எக்ஸ்ரேயில் காசநோயைத் தேட, மனித வாசிப்பாளருக்குப் பதிலாகக் கணினியைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. கையில் தூக்கிச் செல்லக்கூடிய எக்ஸ்ரே கருவியும் ஒரு மடிக்கணினியும் இருந்தால் கிராமத்திலேயே பரிசோதனை செய்யலாம்.

ஆனால், ரொன்ட்கனின் கதிர் எங்கும் போனது போல இந்த அறிவு போகவில்லை. இந்த மென்பொருள்களில் பெரும்பாலானவை நிறுவனங்களின் சொத்து. உரிமம் வாங்க வேண்டும். அவை கற்றுக்கொண்ட படங்களோ பெண்கள் தந்தவை. பரிசோதனைக்காகச் சட்டையைக் கழற்றி, குளிர்ந்த தகட்டின் மேல் மார்பை வைத்து, மூச்சை அடக்கி நின்ற பல்லாயிரம் பெண்களின் படங்கள். கதிரைக் கண்டவர் அதைச் சொந்தமாக்க மறுத்தார். அந்தக் கதிர் எடுத்த படங்களிலிருந்து பிறந்த அறிவு இன்று சந்தையில் நிற்கிறது. நிறுவனங்கள் செலவழித்த பணத்தை மீட்பது நியாயம்தான். ஆனால் யார் யாருக்கு எட்டும், எந்த விலையில் என்ற கேள்வியை அரசாங்கங்கள் இப்போதே கேட்க வேண்டும்.

எங்கள் பக்கம்

இலங்கைப் பெண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். சுவீடனில் போல எல்லாப் பெண்களையும் குறித்த காலத்துக்கு ஒருமுறை அழைத்து மம்மோகிராம் எடுக்கும் தேசியத் திட்டம் இங்கே இல்லை. கணினி வாசிப்பதற்கு முதலில் படம் ஒன்று இருக்க வேண்டும். படம் எடுக்கக் கருவி வேண்டும். கருவி இருக்கும் இடத்துக்குப் போக பஸ் வேண்டும், ஒரு நாள் கூலியை விட வேண்டும், வீட்டில் பிள்ளையைப் பார்க்க யாராவது வேண்டும். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுவதற்கு, 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை மக்கள் நடந்து நிதி சேர்க்க வேண்டியிருந்தது. அதற்கு முன் எத்தனையோ நோயாளிகள் மகரகமவுக்குப் போக வேண்டியிருந்தது.

என் பெரியம்மா மார்பில் கட்டி ஒன்றைக் கண்டது 2009இல், முகாமில் இருந்தபோது. யாரிடமும் சொல்லவில்லை. மகனைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் தன் உடம்பைப் பற்றிப் பேசுவது அவருக்கு வெட்கமாக மட்டுமல்ல, குற்றமாகவும் தெரிந்தது. ஊருக்குத் திரும்பி, தறப்பாள் கொட்டிலைக் கட்டி, கிணறு இறைத்து முடித்த பிறகுதான் அம்மாவிடம் காட்டினார். அப்போது காலம் கடந்திருந்தது. 2012இல் போய்விட்டார். எவ்வளவு திறமையான கணினியும் அந்த மூன்று வருட மௌனத்தை வாசித்திருக்காது.

எங்கள் பெண்களில் பலர் இன்னும் அப்படித்தான் இருக்கிறார்கள். காணாமலாக்கப்பட்டவரைத் தேடிப் போராட்டக் கொட்டகையில் இருப்பவர்கள், தனியாகக் குடும்பத்தைத் தாங்குபவர்கள், தங்கள் உடம்பைக் கடைசி வரிசையில் வைத்திருக்கிறார்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கும் முன் உடம்பில் செல் துண்டு ஏதும் இருக்கிறதா என்று கேட்கும்போதுதான் சிலர் வாய் திறக்கிறார்கள். வலிமையான காந்தம் உலோகத் துண்டை அசைத்துவிடலாம் என்பதால் அந்தக் கேள்வி. போர் தந்த துண்டு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு தானாக வளர்ந்த கட்டியைப் பற்றித்தான் யாரும் கேட்கவில்லை.

ஆகவே கையில் இருப்பதிலிருந்து தொடங்க வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. 35 வயதான பெண் அங்கே இலவசமாகப் போகலாம். மார்பகத்தைப் பரிசோதிப்பார்கள், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனை செய்வார்கள், இரத்த அழுத்தமும் சீனியும் பார்ப்பார்கள். எந்த நாள் நடக்கிறது என்று உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்குத் தெரியும். புதிய கட்டி, முலைக்காம்பு உள்ளிழுத்தல், தோல் குழிவிழுதல், காம்பிலிருந்து இரத்தம் கசிதல் இவற்றில் எது தெரிந்தாலும் கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம்; நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல. ஆனால் எது என்று சொல்ல வேண்டியவர் வைத்தியர்.

கணினி வரட்டும். வடக்கிலும் கிழக்கிலும் படம் வாசிக்கும் நிபுணர்களின் சுமையை அது குறைக்குமானால் அதை நாங்கள் கேட்டு வாங்க வேண்டும். எங்கள் பெண்களின் படங்களில் அது சரியாக வேலை செய்கிறதா என்று இங்கேயே சோதித்துப் பார்த்து வாங்க வேண்டும். இளவயதுப் பெண்களின் அடர்த்தியான மார்பகம் படத்தில் வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளையாகவே தெரியும். வேறொரு நாட்டுப் பெண்களின் படங்களில் பழகிய கணினி இங்கே தடுமாறலாம். இதையெல்லாம் கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு. ரொன்ட்கன் தன் கதிரை விற்காமல் விட்டபோது, அதில் முல்லைத்தீவுப் பெண்ணுக்கும் ஒரு பங்கு எழுதப்பட்டுவிட்டது. அந்தப் பங்கைக் கேட்க முதலில் அவர் கிளினிக் படியேற வேண்டும். இந்த மாதம் உங்கள் வீட்டில் யார் போகவில்லை என்று பாருங்கள். கூட்டிக்கொண்டு போங்கள்.